மறைக்க வேண்டியதும் மறைக்கக் கூடாததும்

மனிதனுக்கு இறைவன் இட்ட கடமைகளுள் இரண்டைப் பற்றி இங்கே சிந்திக்க விரும்புகிறேன். ஒன்று, உடலை மறைத்துக்கொள்ள வேண்டும் என்பது. மற்றொன்று, உடலைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது. இவ்விரண்டும் சாதாரண நாட்களில் ஒன்றுக்கொன்று இடையூறின்றி நடந்து வருகின்றன. ஆனால் ஒரு பெண்ணுக்கு அடிவயிற்றில் நோய் கண்டு, "ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்" என்று வைத்தியர் சொல்லும் நாளில் அவை எதிரெதிரே வந்து நிற்கின்றன. அப்போது எது எதற்கு வழிவிட வேண்டும்? இதுவே கேள்வி.

பெண்கள் விஷயத்தை ஓர் ஆண் எழுதலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். எழுதத்தான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், நம் வீடுகளில் வைத்தியரிடம் போவதா, வேண்டாமா என்ற முடிவும், போவதற்கான பணமும், வண்டியும் பெரும்பாலும் ஆண்கள் கையில் இருக்கின்றன. முடிவு செய்யும் அதிகாரம் வேண்டும், விஷயத்தை அறியும் சிரமம் மட்டும் வேண்டாம் என்பது என்ன நியாயம்?

ஓசையால் பார்க்கும் கருவி

முதலில் அந்தக் கருவி இன்னது என்று தெரிந்துகொள்வோம். தெரியாத பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையன்று.

கடையில் தேங்காய் வாங்க வரும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறோம். காயைத் தட்டிப் பார்க்கிறார்கள்; காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டை உடைக்காமலே உள்ளே நீர் இருக்கிறதா, காய் முற்றியதா, கெட்டதா என்பதை ஓசை சொல்லிவிடுகிறது. ஸ்கேன் என்று நாம் சொல்லும் கருவியின் அடிப்படையும் ஓசைதான். மனிதனின் காது ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஓசையையே கேட்கும். இக்கருவியோ 20 லட்சம் முதல் 1 கோடி வரையிலான அதிர்வுகளை உடலுக்குள் அனுப்புகிறது. அந்த ஓசை நீர் நிறைந்த இடத்தைத் தடையின்றிக் கடக்கிறது. சதையில் பட்டும் படாமலும் திரும்புகிறது. எலும்பில் மோதித் திரும்புகிறது. திரும்பி வரும் எதிரொலியைக் கணக்கிட்டுக் கருவி படமாக்கிக் காட்டுகிறது. எக்ஸ்ரேயில் உள்ள கதிர் இதில் இல்லை. கத்தியும் இல்லை.

இது பெண்கள் வைத்தியத்துக்கு வந்த வரலாறும் அறியத்தக்கது. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் இயான் டொனால்ட் என்னும் மகப்பேற்று வைத்தியர் இருந்தார். இரும்புக் கொதிகலன்கள் செய்யும் தொழிற்சாலையில், பற்றவைத்த இடத்தில் விரிசல் உண்டா என்று ஓசையை அனுப்பிச் சோதிப்பதை அவர் அறிந்தார். இரும்பின் உள்ளே பார்க்க முடியுமானால் வயிற்றின் உள்ளே ஏன் பார்க்க முடியாது என்று எண்ணினார். 1955-ஆம் ஆண்டில், அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்தத் தொழிற்சாலைக்கே போனார். கெட்டியான கட்டி ஒரு விதமாகவும், நீர் நிறைந்த கட்டி வேறு விதமாகவும் எதிரொலி கொடுத்தன. பிறகு டாம் பிரவுன் என்ற எஞ்சினியரும், ஜான் மெக்விகர் என்ற வைத்தியரும் அவருடன் சேர்ந்து உழைத்தனர். 1958-இல் மூவரின் கட்டுரை லான்செட் என்னும் வைத்திய ஏட்டில் வெளியாயிற்று.

அக்காலத்தில் அவரிடம் ஒரு பெண்மணி வந்தார். வயிறு மிகவும் வீங்கியிருந்தது. அறுவைக்கும் வழியில்லாத புற்றுநோய் என்று முடிவு கட்டியிருந்தார்கள். கருவியை வைத்துப் பார்த்தபோது அது சினைப்பையில் வளர்ந்த ஒரு பெரிய நீர்க்கட்டி என்று தெரிந்தது. அதை அறுத்து எடுத்தார்கள், அவர் பிழைத்தார். சாகப்போகிறவள் என்று கைவிடப்பட்ட ஓர் உயிரை, சரியாகப் பார்த்த ஒரு பார்வை மீட்டது. பார்ப்பதன் மதிப்பை இதைவிட எப்படி விளக்குவது?

இன்று இக்கருவியால் அறியப்படுபவை பல. கருப்பையில் உண்டாகும் நார்க்கட்டி; இதைத்தான் ஃபைப்ராய்டு என்கிறார்கள். ஐம்பது வயதுக்குள் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இது சிறிதாகவோ பெரிதாகவோ உண்டாகிறது. மிகப் பெரும்பாலும் புற்றுநோய் அன்று. சினைப்பை நீர்க்கட்டியும் அவ்வாறே தெரியும். கருப்பையில் தங்க வேண்டிய கரு குழாயில் தங்கிவிடுவதும் தெரியும். இது நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் நேர்வது. குழாய் வெடித்தால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து. மாதவிடாய் முற்றும் நின்றுபோன பெண்ணுக்கு மீண்டும் இரத்தம் கண்டால், கருப்பையின் உள்தோல் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளந்து பார்க்கிறார்கள். 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவு என்றால் புற்றுநோய் அச்சம் மிகவும் குறைவு. அதற்கு மேல் என்றால் சிறிது திசுவை எடுத்துச் சோதிக்கிறார்கள்.

மதரஸாவில் ஓதியதும் வீட்டில் மறந்ததும்

இனி நாணத்தைப் பற்றிய கேள்விக்கு வருவோம். நாணம் ஈமானைச் சேர்ந்தது என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். அதை இழக்கச் சொல்வது என் நோக்கமன்று. நாணம் எங்கே முடிந்து, வீண் மறைப்பு எங்கே தொடங்குகிறது என்பதே நாம் காணவேண்டியது.

மதரஸாவில் ஓதியவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். தாடி அரும்பாத வயதிலேயே ஹைளு, நிபாஸ், இஸ்திஹாளா என்ற பாடங்களை உஸ்தாது நமக்கு ஓதிக் கொடுத்தார். மாதவிடாய் இரத்தம் அதிகம் எத்தனை நாள் என்று கேட்டால், ஷாபிஈ மத்ஹபில் 15 நாள் என்றும், ஹனபி மத்ஹபில் 10 நாள் என்றும் தயங்காமல் சொன்னோம். எவரும் சிரிக்கவில்லை, எவரும் அதை வெட்கக்கேடு என்று கருதவில்லை. தொழுகைக்கு வேண்டிய அறிவு என்று மரியாதையுடன் ஓதினோம். அதே பிள்ளை வளர்ந்து குடும்பத் தலைவன் ஆனதும், தன் வீட்டில் அந்தப் பேச்சு காதில் விழுந்தால் செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்கிறான். கிதாபில் அறிவாக இருந்தது வீட்டில் எப்படி அவமானமாக மாறியது?

பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) என்ற ஸஹாபிப் பெண்மணியின் வரலாறு ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. தமக்கு இரத்தம் நிற்காமல் போவதைப் பற்றி அவர் நேரே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டார். பெருமானார் அவரைக் கடிந்து அனுப்பவில்லை. அது நரம்பிலிருந்து வரும் இரத்தம், மாதவிடாய் அன்று என்று விளக்கி, தொழுகைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த அம்மையார் நாணிப் பேசாமல் இருந்திருந்தால், அவருக்குப் பின் வந்த கோடிக்கணக்கான பெண்களுக்கு அந்தச் சட்டத் தெளிவு எங்கிருந்து கிடைத்திருக்கும்? அவர் நாணம் இல்லாதவர் என்று சொல்ல யாருக்குத் துணிவு உண்டு?

இன்னொன்றையும் கவனியுங்கள். தொழுகையைப் பேணும் பெண் தன் நாட்களைத் தானே எண்ணி வருகிறாள். எந்த நாளில் தொடங்கிற்று, எந்த நாளில் நின்றது, நடுவில் கண்டதா என்பதெல்லாம் அவள் மனக்கணக்கில் இருக்கிறது. வைத்தியர் முதலில் கேட்பதும் இந்தக் கணக்கைத்தான். ஆகவே நம் சகோதரிகள் வைத்தியரிடம் வெறுங்கையோடு போவதில்லை. மார்க்கமே அவர்கள் கையில் ஒரு பேரேட்டைக் கொடுத்திருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: 15 நாள், 10 நாள் என்பவை தொழுகைக்காக வகுக்கப்பட்ட எல்லைகள். அவற்றுக்குள் இருந்தால் உடம்பு சுகமாக இருக்கிறது என்று பொருளன்று. ஏழெட்டு நாட்களுக்கு மேல் நீடித்தாலே வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்பது இன்றைய வைத்திய முறை.

சட்டம் அடைத்த வழி அன்று

"அந்நிய ஆண் பார்க்கலாமா?" என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஆலிம்கள் விடை சொல்லாமல் விடவில்லை. நிர்ப்பந்தம் தடையை நீக்கும் என்பதும், அந்த நீக்கம் தேவையின் அளவோடு நிற்க வேண்டும் என்பதும் பழைய சட்ட விதிகள். 1993-ஆம் ஆண்டு ஜூன் மாதம், நமக்கு அண்டை நாடான புருணையின் தலைநகர் பண்டார் ஸ்ரீ பகவானில், உலக இஸ்லாமிய பிக்ஹு கழகம் கூடி இதைப் பற்றித் தீர்மானம் செய்தது. பெண்ணைப் பார்க்க முஸ்லிம் பெண் வைத்தியர் கிடைத்தால் அவரே பார்க்க வேண்டும். இல்லையேல் நம்பிக்கைக்குரிய முஸ்லிமல்லாத பெண் வைத்தியர். அவரும் இல்லையேல் முஸ்லிம் ஆண் வைத்தியர். அவரும் கிடைக்காவிட்டால் முஸ்லிமல்லாத ஆண் வைத்தியர். ஆண் பார்க்கும்போது தேவையான அளவுக்கு மேல் பார்க்கலாகாது. கணவரோ, மஹ்ரமோ, நம்பிக்கையான ஒரு பெண்ணோ உடனிருக்க வேண்டும். இதுவே அதன் சாரம்.

இந்த வரிசையைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். நான்காவது படியிலும் "வைத்தியம் வேண்டாம், வீட்டிலேயே இரு" என்று சொல்லப்படவில்லை. ஒரு கதவு மூடியிருந்தால் அடுத்த கதவைக் காட்டுகிறது சட்டம். நாமோ முதல் கதவு மூடியிருந்தால் திரும்பி வந்துவிடுகிறோம். வந்ததற்குப் பேணுதல் என்று பெயரும் சூட்டிவிடுகிறோம்.

காரியத்தில் இது அவ்வளவு கடினமும் அன்று. ஸ்கேன் இரு வகையில் எடுக்கப்படுகிறது. ஒன்று வயிற்றின் மேல் பசை தடவிக் கருவியை வைத்துப் பார்ப்பது. சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று தண்ணீர் குடிக்கச் சொல்வது இதற்குத்தான். நீரின் வழியே ஓசை நன்றாகச் செல்லும். இதில் அடிவயிறு மட்டுமே திறக்கப்படுகிறது. மற்றொன்று மெல்லிய கருவியைப் பிறப்புறுப்பின் வழியே செலுத்திப் பார்ப்பது. இது இன்னும் தெளிவாகக் காட்டும். ஆயினும் அந்தப் பெண்ணின் சம்மதமின்றிச் செய்யக் கூடாதது. கன்னிப் பெண்களுக்குப் பொதுவாக முதல் முறையையே கைக்கொள்கிறார்கள். பெண் ஒருவர் எடுக்க வேண்டும் என்று கேட்பதும், போர்வை கேட்பதும், துணைக்கு ஆள் வேண்டும் என்பதும், எதற்காக இந்தச் சோதனை என்று விளக்கம் கேட்பதும் அவளுடைய உரிமை. நாள் குறிக்கும்போதே கேட்டுவிட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்து தருவார்கள். மலேசியாவில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்கள் ஒரு வெள்ளி கொடுத்து வைத்தியரைப் பார்க்கலாம். தேவையானால் அவரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார். பணமில்லை என்று தள்ளிப்போட நியாயம் குறைவு.

கேட்பார் இல்லாத நோய்

அப்படியிருந்தும் நம் பெண்கள் ஏன் தாமதிக்கிறார்கள்? நான் அறிந்த ஒரு தாயார், அறுபதைக் கடந்தவர். மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆனபின் மீண்டும் இரத்தம் கண்டது. எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சுபுஹு பாங்குக்கு முன் எழுந்து, வீட்டார் விழிக்குமுன் துணிகளைத் துவைத்து உலர்த்திவிடுவார். மருமகள் ஒருநாள் தற்செயலாகக் கண்டுகொண்டு, "மாமி, ஏன் சொல்லவில்லை?" என்று அழுதிருக்கிறாள். "நீ பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருக்கிறாய், அவன் கடையே கதி என்று இருக்கிறான். ஆண்பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்" என்றாராம் அந்தத் தாய். ஸ்கேனில் உள்தோல் தடித்திருப்பது தெரிந்தது. திசுச் சோதனையில் நோய் உறுதியாயிற்று. அறுவையோடு நிற்காமல் கதிர் வைத்தியமும் வேண்டியதாயிற்று. இன்று உயிரோடு இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த எட்டு மாத விடியற்காலைகளை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

மாதவிடாய் நின்றபின் இரத்தம் காணும் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கே அது கருப்பைப் புற்றுநோயாக இருக்கிறது. மற்ற ஒன்பது பேருக்கு அச்சம் தீர்கிறது. அந்த ஒருவருக்கோ உயிரே கிடைக்கிறது. ஆகையால் ஒரே ஒருமுறை, ஒரு சொட்டு கண்டாலும் காட்ட வேண்டும்.

அந்தத் தாய் செய்தது பொறுமை என்று சொல்வார் உண்டு. பொறுமை என்பது, செய்ய வேண்டியதைச் செய்தபின் வருவதைத் தாங்கிக்கொள்வது. கடையின் கூரை ஒழுகி அரிசி மூட்டை நனைந்தால் "பொறுமையாக இரு" என்று எந்த வியாபாரியும் தன் கணக்கப்பிள்ளையிடம் சொல்வதில்லை. அன்றே ஆள் கூப்பிடுகிறான். மூட்டைக்குக் காட்டும் பதற்றத்தை மனைவிக்கும் தாய்க்கும் காட்டாமல், "இந்த நோன்பு முடியட்டும், பிள்ளை பரீட்சை முடியட்டும், ஹஜ்ஜுப் பெருநாள் போகட்டும்" என்று நாள் கடத்துவது பொறுமையில் சேராது. உடல் இறைவன் அவளிடம் ஒப்படைத்த அமானத்து. அதற்கு நாளை அவளிடம் கேள்வி உண்டு. அந்த அமானத்தைக் காக்கப் போகும் வழியில் குறுக்கே நின்றவனிடமும் கேள்வி இருக்காதா?

கலியாணமாகாத பெண்களின் நிலை இன்னும் பரிதாபம். ஸ்கேன் என்றாலே பிள்ளைப்பேறு என்று நம்மவர் மனத்தில் பதிந்துவிட்டது. "அவள் ஸ்கேன் எடுக்கப் போனாளாமே" என்று ஒருத்தி சொல்ல, மறுநாள் அது எங்கெங்கோ போய்விடுகிறது. வரன் தட்டிப்போகுமே என்று அஞ்சித் தாயே மகளை வலியோடு வைத்திருக்கிறாள். இங்கே மறைக்கப்பட வேண்டியது அந்தப் பெண்ணின் நோய் அன்று, பேசியவளின் நாக்கு. பிறர் மானத்தில் கைவைப்பது பெரும் பாவம் என்று அறிந்த சமூகம், அந்தப் பாவத்துக்குப் பயந்து பெண்களைப் படுக்கையில் போடுகிறதே தவிர, பாவம் செய்பவரைத் தடுப்பதில்லை.

பார்வைக்கும் எல்லை உண்டு

இவ்வளவு சொன்னதால் கண்டபோதெல்லாம் கருவியின் கீழ் படுக்கச் சொல்கிறேன் என்று கருத வேண்டாம். பார்வைக்கும் எல்லை உண்டு. பிரிட்டனில் 2001 முதல் 2005 வரை, நோய்க்குறி எதுவும் இல்லாத இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்து ஒரு பெரும் ஆராய்ச்சி தொடங்கினார்கள். ஆண்டுதோறும் ஸ்கேனாலும் இரத்தச் சோதனையாலும் சினைப்பைப் புற்றுநோயைத் தேடினால் சாவு குறையுமா என்பதே கேள்வி. 2021-இல் முடிவு வெளியாயிற்று: சாவு குறையவில்லை. குறியில்லாதவரிடம் தேடினால், தீங்கில்லாத சிறு கட்டியைக் கண்டு பயந்து தேவையற்ற அறுவைக்குப் போகவும் நேரலாம். ஆகவே சலுகை விலையில் உடல் முழுதும் சோதிக்கிறோம் என்ற விளம்பரங்களைக் கண்டு ஏமாற வேண்டாம். வலியோ, இரத்தமோ, கட்டியோ என்று கேள்வி ஒன்று இருந்தால்தான் கருவியின் பதிலுக்குப் பொருள் உண்டு.

அதுபோல, ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோயே இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. கருப்பையின் உள்தோலைப் போன்ற திசு வெளியே படரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய், கடும் வலி தந்தும் ஸ்கேனில் தெரியாமல் போவதுண்டு. "படத்தில் ஒன்றுமில்லை, நடிக்கிறாள்" என்று சொல்லும் கணவனும் மாமியாரும் இதை அறிய வேண்டும். கருவி ஒரு சாட்சி. வலிப்பவளும் ஒரு சாட்சி. ஒரு சாட்சி தெரியாது என்றதனால் மற்றவள் பொய்யள் ஆகமாட்டாள். மேலும், கருப்பை வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்தில் கண்டறிய ஸ்கேன் உதவாது. அதற்கு வேறு சோதனை உண்டு.

இக்கருவியே தீய நோக்கத்துக்கும் ஆளாயிற்று. இந்தியாவில் கருவில் இருப்பது பெண் என்று பார்த்து அழிக்கும் கொடுமை பரவியதால், 1994-இல் அதைத் தடுக்கச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. தாயின் நோயைப் பார்க்கத் தயங்கிய கண்கள், பெண் மகவைத் தேடிப் பார்க்கத் தயங்கவில்லை! கருவியில் குற்றமில்லை. எதைப் பார்க்கிறோம், எதற்காகப் பார்க்கிறோம் என்பதில்தான் நன்மையும் தீமையும் இருக்கின்றன.

ஆகவே என் முடிவு இதுதான். தேவையில்லாத கண்ணுக்கு உடலை மறைப்போம். பிறர் குறையை மறைப்போம். மற்றவர் வீட்டு நோயைக் கேள்விப்பட்டால் அதையும் நம்மோடு மறைப்போம். ஆனால் காக்கக் கடமைப்பட்டவரிடமும், குணப்படுத்த வல்லவரிடமும் நோயை மறைப்பதற்கு மார்க்கமும் சொல்லவில்லை, அறிவும் சொல்லவில்லை. இரண்டு கடமைகளும் மோதும்போது நாணம் சற்று ஒதுங்கி வழிவிட வேண்டும். வேலை முடிந்ததும் தன் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். போர்வையை விலக்கிய அளவும், திரும்பப் போர்த்திய நேரமும் இறைவன் அறிவான்.

சகோதரர்களே! இன்று கடையடைத்து வீடு சேர்ந்ததும் உங்கள் தாயிடமும் மனைவியிடமும் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "ஒன்றுமில்லை" என்றுதான் முதலில் பதில் வரும். அதோடு எழுந்துவிடாதீர்கள். கையிலுள்ள தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு இரண்டாம் முறையும் கேளுங்கள். சகோதரிகளே! கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் சுகத்தையும், சுகம் குன்றியபோது அதைச் சொல்லும் துணிவையும், கேட்கும் மனத்தையும் அருள்வானாக. ஆமீன்.